ரெஸ்டோரேஷன், ரெனவேஷன், கன்சர்வேஷன் மூன்றும் ஒன்றா?

இல்லை. பழுதானதை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவருவது ரெஸ்டோரேஷன். பழைய வீட்டின் சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதித்தால் அது ரெனவேஷன். இருப்பது மேலும் கெடாமல் காப்பது கன்சர்வேஷன்.

சிக்கலே "முன்பிருந்த நிலை" எது என்பதில்தான். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலடுக்கைச் சுரண்டினால் சோழர் ஓவியம் மீளும். நாயக்கர் ஓவியம் போய்விடும். இந்தியத் தொல்லியல் துறை பிற்பாடு சில இடங்களில் மேற்பூச்சை ஓவியத்தோடு சேர்த்துப் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டி, இரண்டையும் காப்பாற்றியது. ரெஸ்டோரேஷனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (கல் தூணில் பெயின்ட் அடிப்பதையும் சிலர் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள், அது வேறு கதை!)

இங்கிலாந்து வரலாற்றில் இதே சொல், 1660-இல் இரண்டாம் சார்லஸோடு முடியாட்சி திரும்பியதைக் குறிக்கும். ரெஸ்டோரேஷனோடு குழம்பக்கூடிய இன்னொரு சொல் ரெஸ்டிட்யூஷன்: பறிபோனதை உரியவரிடம் திருப்பித் தருவது. பிரிந்துபோன துணையோடு சேர்ந்து வாழும் உரிமையைக் கோரும் இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் வருவது இந்தச் சொல்தான்.