இரவல் பாட்டு, சொந்தக் குரல்

வணக்கம்.

வீட்டில் புதிதாக ஸ்டீரியோ அமைத்திருக்கிறேன். ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர்கள், அவ்வளவுதான். பல வருடங்களாக இயர்போனில் மட்டும் கேட்டுவந்த பாடல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன். அதில் பாதிக்கு மேல் கவர் பாடல்கள், அதாவது ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடியவை. இசை நன்றாகத் தெரிந்த என் நண்பர், 'இவ்வளவு செலவு செய்து நகலைக் கேட்கிறாயே, மூலத்தைக் கேள்' என்கிறார். எனக்கு என்னவோ ஸ்டீரியோவில்தான் கவர் பாடல்கள் இன்னும் பிடித்துப்போகின்றன. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்ல முடியுமா? இன்னொன்று, நடுவிலிருந்து வர வேண்டிய குரல் அறை முழுக்கப் பரவிக் கேட்கிறது. பாஸும் (அடித்தளத்துக் கனத்த ஒலி) குறைவாக இருக்கிறது. ஸ்பீக்கர் சரியில்லையோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கருப்பு கருப்புக்கும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். குரல் கலைந்துபோவது, பாஸ் மெலிவது இரண்டுக்கும் இதுதான் வழக்கமான காரணம். ஒயர் சரியாக இருந்தால், இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் மூலையில் ஒடுங்கியிருந்தால் அதைக் கொஞ்சம் வெளியே இழுங்கள்.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். அவர் பேச்சைக் கேட்டு மூலத்தோடு நின்றுவிட்டால் அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' உங்களுக்குக் கிடைக்காது. ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடியது அது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண் தன் மனைவியிடம் கேட்கிற மரியாதை. 1967இல் அரீதா அதை எடுத்துக்கொண்டு, ஒரு பெண் நிமிர்ந்து நின்று கேட்கிற மரியாதையாக ஆக்கினார். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் இடம், இன்று அந்தப் பாட்டு என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வரும் இடம், ஓட்டிஸின் பதிவில் இல்லவே இல்லை. இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பாப் டிலன் 1967இல் வெளியிட்ட 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பாடலை அடுத்த ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எடுத்துப் பாடினார். பிற்பாடு டிலனே மேடையில் ஹெண்ட்ரிக்ஸின் வழியைத் தழுவித்தான் அதைப் பாடினார். எழுதியவரே ஏற்றுக்கொண்டதை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

ஸ்டீரியோவில் இவை ஏன் கூடுதலாகப் பிடிக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கவர் பாடலில் மெட்டு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. மாறுவது வேகமும் தூரமும். பாடுகிறவர் நம்மிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார், அவரைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதைத்தான் தூரம் என்கிறேன். இயர்போனில் எல்லாப் பாடகர்களும் நம் தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். ஸ்பீக்கரில் இடது காது வலது ஸ்பீக்கரையும் கேட்கிறது, ஒரு இம்மி தாமதமாக. வலது காதுக்கும் அப்படியே. மூளை இதையெல்லாம் கூட்டிச் சேர்த்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு ஆளை நிறுத்திவிடுகிறது. அவர் நின்றதும் தூரம் தெரிய ஆரம்பிக்கிறது. கவர் பாடகர் எதை மாற்றினாரோ அது கண்முன்னால் வந்துவிடுகிறது.

கௌபாய் ஜங்கீஸ் என்ற இசைக்குழுவின் 'ஸ்வீட் ஜேன்' கேட்டிருக்கிறீர்களா? மூலம் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற குழுவின் பாடல். ஜங்கீஸ் அதை 1987 நவம்பர் 27 அன்று டொராண்டோவில் ஒரு தேவாலயத்துக்குள் உட்கார்ந்து, ஒரே ஒரு மைக்கைச் சுற்றி இருந்தபடி பதிவு செய்தார்கள். அந்த ஒரே நாளில் பதிவானதுதான் 'தி ட்ரினிட்டி செஷன்' ஆல்பத்தின் பெரும்பகுதி. ஒரே மைக் என்பதால் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. ஏதாவது உரக்கக் கேட்டால் அதைத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அந்தப் பதிவில் தூரமெல்லாம் நிஜமான தூரம். டிரம்ஸ் பின்னாலிருந்து வருகிறது, குரல் அவசரமே இல்லாமல் மிதக்கிறது, தேவாலயச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி கேட்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். உங்கள் அறையின் பின்சுவர் காணாமல் போகும். போன் ஸ்பீக்கரில் இதே பாட்டு தூங்கி வழிகிற மாதிரி இருக்கும், நானே அப்படி நினைத்து அதைப் பல வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

இதற்கு நேரெதிர் ஜானி கேஷ் 2002இல் பாடிய 'ஹர்ட்'. நைன் இஞ்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளியான பாடல். கேஷ் பாடியபோது அவருக்கு வயது 70ஐ ஒட்டி. தூரமே இல்லை. உதட்டுக்கு அருகில் மைக், எதிர் நாற்காலியில் ஒரு முதியவர். சில சொற்களின் முடிவில் குரல் தேய்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. கடைசிப் பகுதியில் பியானோ ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க, சத்தம் ஏறி ஏறிப் பிசிறடிக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் அது கோளாறு போலத் தோன்றும். உங்கள் ஸ்டீரியோவில், அந்த இரைச்சல் இரண்டு பக்கமும் சூழ்ந்து வர, நடுவில் கிழவர் அசையாமல் உட்கார்ந்திருப்பது தெரியும்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது வால்யூமைச் சமன் செய்துகொள்ளுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பதை நம் காது 'இதுதான் நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். பழைய பதிவுகள் பல தணிவாகவும் புதியவை உரக்கவும் இருப்பதால் மூலம் அநியாயமாகத் தோற்றுப்போகும். வரிசை என்று கேட்டால், நான் கவரை முதலில், பிறகு மூலம், மறுபடி கவர் என்று கேட்பேன். மூலத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போதுதான் கவர் பாடகர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பது பிடிபடும்.

உங்கள் நண்பரையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவையுங்கள். லெனார்ட் கோஹன் 1984இல் வெளியிட்ட 'ஹாலேலூயா', 1991இல் ஜான் கேல் பாடியது, கேலைக் கேட்டு ஜெஃப் பக்லி 1994இல் பாடியது, மூன்றையும் வரிசையாகப் போடுங்கள். பக்லியின் பதிவில் கிதார் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு வெளிவரும். ஒயரைச் சரி செய்தபின் அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.