கோபர் கேஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு மாடுகள் உள்ளன. வீட்டில் ஐந்து பேர். 2 கன மீட்டர் கோபர் கேஸ் கலன் சமையலுக்குப் போதுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மாடுகள் கொட்டிலிலேயே நின்றால் போதும். மேய்ச்சலுக்குப் போகிறவை என்றால் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். இந்தக் கலனுக்கு தினமும் 50 கிலோ பச்சைச் சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு என்றால், கிடைக்கும் 2 கன மீட்டர் ஏறக்குறைய 900 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். ஒரு வாரம் சாணத்தை எடை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பின்னால் மாடு வாங்குவோம் என்று நம்பிப் பெரிதாகக் கட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் தீனபந்து கலன் (மண்ணுக்குள் கட்டும் குவிமாட வகை கோபர் கேஸ் கலன்) நன்றாக ஓடியது. ஒரு மாதமாக வாயு பாதியாகிவிட்டது. சாணத்தோடு பழைய சோறும் காய்கறிக் கழிவும் நிறையப் போடுகிறோம். வெளியே வரும் கரைசலில் புளித்த வாடை அடிக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த வாடைதான் விடை. சோறு வேகமாக அமிலமாகும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். அமிலம் தேங்கினால் அவை முடங்கிவிடும். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளில் கரைசலைச் சோதியுங்கள். 6.8 முதல் 7.5 வரை இருக்க வேண்டும், 6.5-க்குக் கீழே போயிருந்தால் கலன் புளித்துவிட்டது.

சோற்றை உடனே நிறுத்துங்கள். நான்கைந்து நாள் சாணமும் வேண்டாம். சுண்ணாம்புத் தெளிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் பிஎச் பாருங்கள். மொத்தமாகக் கொட்டினால் எதிர்ப்பக்கம், அதாவது காரமாக, ஏறிவிடும். நன்றாக ஓடும் வேறொரு கலனிலிருந்து சில வாளி கரைசல் கொண்டுவந்து விட்டால் நுண்ணுயிர் சீக்கிரம் பெருகும். பிறகு கால் பங்கு சாணத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். சமையல் கழிவு 50 கிலோ சாணத்துக்கு 3 கிலோவைத் தாண்ட வேண்டாம். அதையும் அரைத்துப் போடுங்கள்.

தொழுவம் கழுவும் பினாயில் தண்ணீர் கலனுக்குள் போய் நுண்ணுயிரைக் கொல்கிறதா என்றும் பாருங்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தைச் சில நாள் தனியே ஒதுக்குங்கள். வாடை சரியாக இருந்தும் வாயு குறைந்தால் கசிவாக இருக்கலாம்: வால்விலும் இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வரும் இடம் ஓட்டை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது.

கேள்வி: சிலிண்டர் அடுப்பிலேயே இதை எரிக்கலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: அப்படியே எரிக்க முடியாது. சாண வாயுவில் ஏறக்குறைய 40 சதவீதம் கரியமில வாயு. அதே கொள்ளளவில் சிலிண்டர் கேஸ் தரும் வெப்பத்தில் கால் பங்குகூடக் கிடைக்காது. அதனால் அடுப்பில் வாயு வெளிவரும் ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும். கோபர் கேஸுக்கென்றே செய்த அடுப்பை வாங்குங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறங்கள். விட்டுவிட்டுத் துள்ளினால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் குழாய் வைத்து, அவ்வப்போது தண்ணீரை வடித்துவிடுங்கள்.