ஆண் குளவி இல்லாமல் ஒட்டுண்ணி அட்டை பலன் தருமா?

கேள்வி: கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை (இந்தக் குட்டிக் குளவி உள்ளே வளரும் அந்துப்பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டை) கட்டுகிறேன். ஒரு துண்டை பாட்டிலில் போட்டுப் பார்த்தால் ஆண் எது, பெண் எது என்றே தெரியவில்லை. ஏதோ ஒரு பாக்டீரியா இருந்தால் பெண்ணாகவே பிறக்கும் என்கிறான் என் மகன். அப்படிப்பட்ட அட்டை வாங்கலாமா?
– கரும்பு விவசாயி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: அரை மில்லிமீட்டர் பூச்சியில் வெறுங்கண்ணுக்கு எப்படித் தெரியும்? நல்ல லென்ஸ் வைத்து உணர்கொம்பைப் பாருங்கள். நீள நீளமாக முடி இருந்தால் ஆண். நுனி தடித்திருந்தால் பெண். புழுவின் முட்டையைத் தேடி அழிப்பது பெண் மட்டும்தான்.

மகன் சொன்னது நிஜம். அந்த பாக்டீரியாவின் பெயர் வோல்பேக்கியா. சாதாரணமாக இந்தக் குளவியில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். தேனீயிலும் இதே கணக்குதான். வோல்பேக்கியா தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும், விந்து வழியாகப் போகாது. ஆண் பிறந்தால் அதோடு பாக்டீரியாவின் வம்சம் முடிந்தது. அதனால் கருவுறாத முட்டையிலேயே கை வைக்கிறது: முதல் பிரிவின்போது இரட்டித்த குரோமோசோம்களைப் பிரியவிடாமல் தடுத்துவிடுகிறது. ஒரு தொகுதி இரண்டாகிறது, ஆணாக வேண்டியது பெண்ணாகிறது. டிரைக்கோகிரம்மா பிரிட்டியோசம் போன்ற இனங்களில் இது உண்டு. 1990இல் வெளியான ஆய்வில் இப்படிப்பட்ட குளவிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் ஆண் பிள்ளைகள் பிறக்க ஆரம்பித்தன! 30 டிகிரிக்கு மேல் சூட்டில் வளர்த்தாலும் அப்படித்தான்.

உங்கள் அட்டையில் இருப்பது பெரும்பாலும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற இனம். அதில் வழக்கமாக ஆணும் பெண்ணும் வரும். சந்தேகம் இருந்தால் அட்டை தரும் ஆய்வகத்தில் கேளுங்கள். அட்டையில் குளவி வளரும் ஒற்றைக் கருப்பு முட்டையைத் தனிக் குழாயில் போட்டு, வரும் கன்னிப் பெண்ணுக்குப் புது அந்துப்பூச்சி முட்டை கொடுத்தால் போதும். ஆண்களாகவே வந்தால் சாதாரண இனம். பெண்கள் வந்தால் வோல்பேக்கியாவாக இருக்கலாம்.

வாங்கலாமா என்றால், அதற்காக அலைய வேண்டாம் என்பேன். ஆணுக்குச் செலவாகும் முட்டை மிச்சம்தான், ஆனால் சில இனங்களில் பாக்டீரியா உள்ள பெண் குறைவாகவே முட்டையிடுகிறது. நம் ஊர் வெயிலையும் யோசியுங்கள்.

இருக்கிற அட்டையையே ஒழுங்காகக் கட்டுங்கள்: நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சிசி (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு), மொத்தம் ஆறு முறை. வெயில் ஏறும் முன் தோகையின் அடிப்பக்கம் கட்டுங்கள். அந்த வாரம் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.