அறை ஓவியம் சேறாவது ஏன்?

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் பூர்வீக வீட்டுக் கூடத்தை எளிமையாக, பளிச்சென்ற நிறங்களில் தீட்ட ஆசை. பச்சைச் சுவர், சிவப்புக் காவித் தரை, ஊஞ்சல், முற்றத்து வெயில், அவ்வளவுதான். ஆனால் சற்று நேரத்திலேயே எல்லாம் சாம்பல் நிறச் சேறாகிவிடுகிறது. 24 டியூப் பெட்டியை வகுப்பில்தான் வாங்கினேன். மேல்நிலை வகுப்பில் சேர்ந்தால் சரியாகும் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். குறை உங்கள் கையில் இல்லை, அந்தப் பெட்டியில் இருக்கிறது. மலிவான பெட்டிகளில் வரும் பச்சை, ஊதா, பழுப்பு ஆகியவற்றில் பல, ஏற்கெனவே இரண்டு மூன்று நிறமிகளை (நிறம் தரும் பொடிகளை) கலந்து அடைத்தவை. இரண்டு டியூபைக் கலப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். தட்டில் சேர்வதோ ஐந்தாறு நிறமிகள். சாம்பல் வராமல் வேறு என்ன வரும்? நல்ல டியூபில் நிறமியின் குறியீடு அச்சாகியிருக்கும். அல்ட்ராமரீன் நீலத்துக்கு பி.பி. 29, டைட்டானியம் வெள்ளைக்கு பி.டபிள்யூ. 6. ஒற்றைக் குறியீடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குறியீடே இல்லாததைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

‘பெட்டியை எங்களிடமே வாங்குங்கள்’ என்று வற்புறுத்தும் வகுப்பு பெரும்பாலும் அதில் ஒரு பங்கு பார்க்கிறது. அடுத்து சான்றிதழ், அதற்கடுத்து நீங்களே பணம் கட்டி இடம்பிடிக்கும் கண்காட்சி என்று செலவு நீளும். பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்த்துவிட்டு, முதுமையில் ஆசையோடு தூரிகை எடுப்பவரை இந்தத் தரகர்களிடம் தள்ளிவிடும் கல்விமுறையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் கூடத்துக்கு ஐந்து டியூப் போதும்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கூடம் ஆறேழு பெரிய திட்டுகளாகத் தெரியும். ஒவ்வொரு திட்டுக்கும் உரிய நிறத்தை முதலிலேயே கத்தியால் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வைத்த இடத்தில் விட்டுவிடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரமான சிவப்புத் தரையும் பச்சைச் சுவரும் தூரிகையில் கலந்தால் அந்த நொடியே பழுப்புதான். எனவே இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விடுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1911இல் தீட்டிய ‘சிவப்பு ஓவியக்கூடம்’ நினைவிருக்கட்டும். அதில் மேசை நாற்காலிகளின் கோடுகள் பெரும்பாலும் மேலே தீட்டியவை அல்ல. சிவப்பைப் பூசும்போது விட்ட இடைவெளியில் அடிநிறம் எட்டிப் பார்க்கிறது. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். சுவரின் பச்சையிலேயே நீலமும் துளி சியன்னாவும் சேருங்கள்.

முதல் பூச்சை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசுங்கள். அடுத்தடுத்த பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் கூடட்டும். எண்ணெய் வண்ணத்தோடு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைச் சேர்க்கக் கூடாது என்பார்கள். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கீழே அக்ரிலிக், மேலே எண்ணெய் வண்ணம் என்றால் சரி. கீழே எண்ணெய் வண்ணம், மேலே அக்ரிலிக் என்றால் உரிந்துவிடும். கீழே இருக்கும் அக்ரிலிக்கும் மெல்லியதாக, பளபளப்பில்லாமல், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் ஒரு முறை பட்ட இடத்தை, தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும், அக்ரிலிக்கால் திருத்தவே கூடாது. மூலையில் ஒரு சின்னத் திருத்தம்தானே என்றாலும் கூடாது.

மரச்சாமான் மெருகுக்கு விற்கும் ‘பாயில்டு’ ஆளிவிதை எண்ணெயை மலிவு என்று வாங்காதீர்கள். படம் மஞ்சளித்துக் கறுக்கும். ஓவியத்துக்கென்றே விற்பதைக் கேளுங்கள். எந்த ஆளிவிதை எண்ணெயானாலும், அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.