குளூட்டன் இல்லாத உணவு என்றால் என்ன? கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இயல்பாகவே உள்ள ஒருவகைப் புரதமே குளூட்டன். பிசைந்த கோதுமை மாவு உருண்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால், மாவுச்சத்து பாலாகக் கரைந்து போய், ரப்பர் போல இழுபடும் ஒரு கட்டி கையில் மிஞ்சும். அது பெரும்பாலும் இந்தப் புரதம்தான்.

சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், அவர்களுடைய நோய் எதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் உட்சுவரையே தாக்கி, சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற முளைகளைச் சிதைத்துவிடுகிறது. நூல் வளையங்கள் தேய்ந்துபோன துண்டு ஈரத்தைச் சரியாக உறிஞ்சாதது போலத்தான் இதுவும்.

ஆகவே, வாங்கும்போது உறையின் முன்பக்கத்தை மட்டும் நம்பாமல், பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை ஒவ்வொரு முறையும் முழுமையாகப் படிப்பது அவசியம். மால்ட் என்பது பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது. சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை இருக்கும். கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரநெறிப்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என விற்கப்படும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அளவு இவ்வளவு சிறியது என்பதால்தான், வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் டோஸ்டரில் ஒட்டியிருக்கும் ரொட்டித் துகள்களைக்கூட நான் அலட்சியப்படுத்த வேண்டாம் என்கிறேன்.

‘கோதுமை இல்லை’ என்ற வாசகத்தைப் பலர் ‘குளூட்டன் இல்லை’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பொருளில் பார்லியோ ரையோ இருக்கக்கூடும்.