அல்பேனியாவின் ஜிரோகாஸ்தர் நகரத்தை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

பார்க்கலாம், ஆனால் ஓர் இரவு தங்குவதுதான் நல்லது. கடலோர சாராண்டாவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் போனபின் கடைத்தெரு அமைதியாகிவிடும்.

செருப்பு விஷயத்தில் கவனம். தெருக்கள் எல்லாம் செங்குத்தான ஏற்றம், பதித்த கற்கள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மழை பெய்தால் வழுக்கும். வீட்டுக் கூரைகளும் ஓடு இல்லை, சாம்பல் நிறக் கற்பலகைகள். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் இது.

முதலில் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். அங்கே 1957-இல் அல்பேனியாவில் இறங்க நேர்ந்த அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. சரி, அப்புறம்? ஸெகாத்தே வீடு. இரட்டைக் கோபுரங்களோடு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மேல்மாடி விருந்தினர் அறையின் வண்ண ஓவியங்களுக்காகவே போகலாம். சர்வாதிகாரி என்வர் ஹோஜா, எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே, இருவருமே இந்த ஊரில் பிறந்தவர்கள் என்பது வேடிக்கைதான்.

சாப்பாட்டில் 'சிஃப்சி'யை விடாதீர்கள். சோறு, முட்டை, புதினா சேர்த்து, நம் பணியாரச் சட்டி போலவே குழிகள் உள்ள சட்டியில் சுட்டெடுக்கும் உருண்டை.