என் கணவர் குடியை விட விரும்புகிறார், ஆனால் எங்கும் போய்த் தங்க மாட்டேன் என்கிறார். திருச்சியில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை விட நினைக்கும் குடிநோயாளிகள் கூடிப் பேசும் குழு, நானும் அதில் இருக்கிறேன். கூட்டத்தைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை, சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. அவர் தினமும் குடிப்பவரா? காலையில் கை நடுங்கி, அதை அடக்கவே ஒரு கட்டிங் போடுகிறவரா? அப்படியென்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த விடாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துப் பிதற்றல் வரலாம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று இல்லாததைக் காட்டலாம். உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது அது. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிவிட்டு, தங்க வேண்டுமா, மாத்திரையோடு வீட்டில் இருந்தால் போதுமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். கூட்டத்தில் இருக்கும் நாங்கள் யாரும் டாக்டர் இல்லை.

சரி, கூட்டத்துக்கு வருவோம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு. ஆனால் இடமும் நேரமும் அடிக்கடி மாறும்; பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். போன் செய்து உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் கேட்டாலும் யாராவது ஓர் உறுப்பினரின் எண் கிடைக்கும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை.

பல கூட்டங்கள் இருந்தால் எதற்குப் போவது? பெயர் பெற்ற குழுவைத் தேட வேண்டாம். மாலையில் நடப்பது, அவர் யார் தயவும் இல்லாமல் நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போய்விடக்கூடியது, அவ்வளவுதான். வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் எங்களுக்கெல்லாம் கண்டம். டாஸ்மாக் திறந்திருக்கும் நேரத்தில் வேறோர் இடத்தில் உட்கார்ந்திருப்பதே பாதி வைத்தியம் என்பது என் கட்சி. மற்ற உறுப்பினர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும்.

உள்ளே என்ன நடக்கும் என்று அவருக்குப் பயம் இருக்கும். நான் போகும் கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்கப் பெரிய ஆட்கள் உட்கார்ந்திருப்போம். பலகையில் அன்றைய வகுத்தல் கணக்கு அழிக்காமல் இருக்கும். ஒருவர் எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அப்புறம் டீ. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது இது. இன்றைக்கும் அதே முறைதான்.

முழுப் பெயரோ முகவரியோ கேட்க மாட்டார்கள். கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை. கடவுள் பெயர் அடிபடும். எங்கள் குழுவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். பிரார்த்தனை நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், மறுவாரம் முதல் ஆளாக வந்துவிடுவார்.

அவர் தனியே வரத் தயங்கினால் போனில் சொன்னால் போதும். பெரும்பாலும் இரண்டு பேராக வீட்டுக்கே வந்து பேசுவார்கள். ஆனால் போனில் அவரே பேச வேண்டும், அவருக்காக நீங்கள் பேசினால் வேலைக்கு ஆகாது.

உங்களுக்கென்று அல்-அனான் இருக்கிறது, குடிப்பவர்களின் வீட்டாருக்கானது. அவர் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். பாக்கெட்டைத் துழாவுவது, பாட்டிலை ஒளிப்பது, ஆபீசுக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது எல்லாவற்றையும் செய்து பார்த்த பெண்கள் அங்கே இருப்பார்கள். சென்னையில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனையை நடத்தும் அமைப்பை 1980-இல் தொடங்கியவர், கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன்தான். அங்கே குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை. பின்னால் உங்கள் கணவர் தங்கச் சம்மதித்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று கேளுங்கள். கட்டித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருக்குமே, "குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்று, அந்தப் பொடியைச் சாம்பாரில் கலந்துவிடாதீர்கள். உள்ளே டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, அவர் அன்றைக்குக் குடித்தும் விட்டால் ஐசியு வரை போகும்.

இன்னொன்று. கூட்டத்தில் பழகிய யாராவது அவரிடம் கடன் கேட்டால் கொடுக்க வேண்டாம். நல்லவர்கள்தான். இருந்தாலும் கொடுக்க வேண்டாம்.